செடித் தொட்டியில் மீன்கள் திடீரென்று வினோதமாக நடந்துகொண்டால்: மருந்துக்கு முன் செய்ய வேண்டியவை

வீட்டில் பிளான்டட் டேங்க், அதாவது உயிருள்ள நீர்ச்செடிகள் வளரும் மீன் தொட்டி வைத்திருக்கிறீர்களா? முதல் வருடத்துக்குள் ஒருமுறையாவது இந்தச் சிக்கலைப் பார்த்துவிடுவீர்கள். நேற்றுவரை ஒழுங்காக நீந்திய மீன்கள் இன்று மேலே வந்து வாயை வாயைத் திறக்கும். இல்லாவிட்டால் செடிக்குள் பதுங்கிக்கொண்டு தீனிக்குக்கூட வெளியே வராது. கண்ணாடி ஓரமாக மேலும் கீழும் பாய்ந்துகொண்டே இருக்கும். கடையில் போய்ச் சொன்னால் விசாரணை எதுவும் இல்லாமல் மருந்து பாட்டில் கைக்கு வந்துவிடும். எங்கள் தொட்டிக்கும் நீல மருந்து, மஞ்சள் மருந்து, கல் உப்பு என்று ஆளுக்கொன்றாகச் சொன்னார்கள். பல நாள் அல்லாடிய பிறகுதான் விஷயம் நோயில் இல்லை, தண்ணீரில் கரைந்திருக்கும் காற்றில் இருக்கிறது என்று தெரிந்தது. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம்.

மீன் என்ன செய்கிறது என்று பார்ப்பதோடு, அதை எந்த நேரத்தில் செய்கிறது என்றும் பாருங்கள். செடித் தொட்டியில் தண்ணீரின் தன்மை காலைக்கும் மாலைக்கும் மாறும். ஆகவே கடிகாரமே பாதி காரணத்தைச் சொல்லிவிடும். கீழே உள்ளதை வரிசை மாற்றாமல் செய்யுங்கள்.

1. முதல் பத்து நிமிடம்: காற்று கொடுங்கள், எதையும் ஊற்றாதீர்கள்

தொட்டிக்குள் கை விடும் முன் ஹீட்டர், ஃபில்டர், விளக்கு எல்லாவற்றின் பிளக்கையும் பிடுங்குங்கள். மீன்கள் திடீரென்று வெறிபிடித்ததுபோல் ஓடினால் மின்கசிவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பதால் இதில் அலட்சியம் கூடாது. ஹீட்டர் கண்ணாடியில் கீறலோ, உள்ளே நீர்த்துளியோ தெரிந்தால் அதைத் திரும்ப மாட்டாதீர்கள்.

செடி வளர்ச்சிக்காக கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் வைத்திருந்தால் மூடுங்கள். ஏர் ஸ்டோனைப் (ஏர் பம்பின் காற்றைச் சிறு குமிழிகளாக்கும் கல்) போடுங்கள். ஃபில்டரின் நீர் வெளியேறும் குழாயை மேலே தூக்கி, தண்ணீரின் மேற்பரப்பு நன்றாகக் கலங்கும்படி திருப்பிவிட்டு ஓட விடுங்கள். ஏர் பம்ப் இல்லையென்றால் ஒரு குவளையில் தொட்டித் தண்ணீரையே மொண்டு ஒரு சாண் உயரத்திலிருந்து திரும்ப ஊற்றிக்கொண்டே இருங்கள். அன்றைக்குத் தீனி வேண்டாம்.

இது முதலுதவியும்தான், பரிசோதனையும்தான். அரை மணி நேரத்தில் மீன்கள் கீழே இறங்கி வழக்கம்போல் நீந்த ஆரம்பித்தால், பிரச்சினை ஆக்சிஜன் குறைவு, அல்லது கார்பன் டை ஆக்சைடு மிகுதி. நேராக 3ஆம் படிக்குப் போகலாம். ஏர் ஸ்டோன் மணிக்கணக்கில் ஓடியும் மூச்சுவாங்கல் தீரவில்லை என்றால் 4, 5, 6ஆம் படிகளைப் பாருங்கள்.

2. எழுதி வையுங்கள், வீடியோ எடுங்கள்

ஒரு சின்ன நோட்டு போதும். தேதி, நேரம், எந்த மீன், என்ன செய்கிறது, விளக்கு எரிந்து எத்தனை மணி நேரம், தண்ணீரின் வெப்பநிலை, கடைசியாகத் தண்ணீர் மாற்றிய நாள், கடைசியாகத் தொட்டியில் புதிதாகச் சேர்த்த பொருள் ஆகிய எட்டையும் எழுதுங்கள். எல்லா மீனுக்கும் ஒரே நேரத்தில் பாதிப்பு வந்தால் தண்ணீரைச் சந்தேகியுங்கள். ஒரே ஒரு மீனுக்கு மட்டும் வந்தால் நோய், காயம், வயது, சண்டை இவற்றில் ஒன்றாக இருக்கலாம்.

ஃபோனில் ஒரு நிமிட வீடியோ எடுங்கள். ‘மீன் ஒரு மாதிரியா இருக்குண்ணே’ என்று கடையில் சொன்னால் யாராலும் எதுவும் சொல்ல முடியாது. வீடியோவைக் காட்டினால் அனுபவசாலிகள் செவுளின் வேகத்தைப் பார்த்தே பாதி சொல்லிவிடுவார்கள்.

மீன் வாங்கிய பில்லையும் தூக்கிப் போடாதீர்கள். பெரும்பாலான கடைகளில் ‘மீன் 6’ என்று மட்டும் எழுதித் தருவார்கள். மீனின் பெயரையும் எழுதித் தரச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். பிறகு அது எவ்வளவு பெரிதாகும், கூட்டமாக இருக்குமா, சண்டை போடுமா என்று தேட அந்தப் பெயர் வேண்டும். மருந்து வாங்கினால் லேபிளில் உள்ள மூலப்பொருள், காலாவதி தேதி இரண்டையும் படம் எடுத்து வையுங்கள்.

3. விடியற்காலையா, பிற்பகலா?

வெளிச்சம் இருக்கும்போது செடிகள் ஆக்சிஜனை வெளிவிடும். விளக்கு அணைந்ததும் செடிகள், மீன்கள், மண்ணிலும் ஃபில்டரிலும் உள்ள பாக்டீரியாக்கள் எல்லாமே ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். விடிய விடிய அது குறைந்துகொண்டே வந்து, விளக்கு எரிவதற்குச் சற்று முன்பு மிகவும் அடிமட்டத்தில் இருக்கும். அதனால் காலையில் எழுந்து பார்க்கும்போது மீன்கள் மேலே நின்று மூச்சு வாங்கி, விளக்கு எரிந்து ஓரிரு மணி நேரத்தில் சரியாகிவிட்டால் அது ஆக்சிஜன் குறைவு. செடி நிறைய இருக்கிறதே, ஆக்சிஜனுக்கு என்ன குறை என்று பலர் இதை நம்பவே மாட்டார்கள். இரவில் செடிகளும் அதே ஆக்சிஜனுக்குப் பங்குதாரர்கள்.

வெயில் காலத்தில் இது இன்னும் மோசமாகும். 25 டிகிரியில் ஒரு லிட்டர் நல்ல தண்ணீர் சுமார் 8.2 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும். 30 டிகிரியில் அது சுமார் 7.5தான். அதே வெப்பத்தில் மீனுக்குத் தேவைப்படும் ஆக்சிஜனோ கூடுகிறது. சென்னை மே மாதத்தில் ஏசி இல்லாத அறையில் தொட்டி 30ஐத் தாண்டுவது சாதாரணம்.

செய்ய வேண்டியது: விளக்கு அணையும்போது ஏர் பம்ப் ஓடத் தொடங்கி, விளக்கு எரியும்போது நிற்கும்படி டைமர் வையுங்கள். ‘பிளான்டட் டேங்கில் ஏர் ஸ்டோன் போடக் கூடாது’ என்று பலர் சொல்வார்கள். அது சிலிண்டர் வைத்திருப்பவர்களுக்கு, அதுவும் பகல் நேரத்துக்கு மட்டும் பொருந்தும் பேச்சு. சிலிண்டர் இல்லாத தொட்டியில் நாள் முழுக்க ஓடினாலும் நஷ்டம் இல்லை. மேற்பரப்பில் எண்ணெய்ப் படலம் போல் இருந்தால் டிஷ்யூ தாளை விரித்து அதை ஒற்றி எடுங்கள். மிதக்கும் செடிகள் மேற்பரப்பை முழுக்க மூடியிருந்தால் பாதியை அள்ளிவிடுங்கள். வெப்பத்துக்கு, ஒரு சின்ன மின்விசிறியைத் தண்ணீரின் மேற்பரப்பில் படும்படி வைத்தால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். தண்ணீர் வேகமாக ஆவியாகும், அதை அவ்வப்போது நிரப்ப வேண்டும்.

இனி மற்றொன்று. விளக்கு எரிந்து பல மணி நேரம் கழித்து, பிற்பகலிலோ விளக்கு அணையும் நேரத்திலோ மீன்கள் மேலே வந்தால், மந்தமாக நின்றால், இறால்கள் மேய்வதை நிறுத்தினால், கார்பன் டை ஆக்சைடு அதிகமாகிவிட்டது. சிலிண்டர் வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் 30 பிபிஎம் (லிட்டருக்கு 30 மில்லிகிராம்) அளவைக் குறிவைப்பார்கள். அதை அறிய டிராப் செக்கர் (தொட்டிக்குள் ஒட்டிவைக்கும், நிறம் மாறிக் காட்டும் சிறு குமிழ்) வையுங்கள். நீலம் என்றால் குறைவு, பச்சை என்றால் சரி, மஞ்சள் என்றால் அபாயம். அதற்குள் 4 டிகேஎச் (கார்பனேட் கடினத்தன்மையின் அளவு) கரைசலைத்தான் ஊற்ற வேண்டும். தொட்டித் தண்ணீரையே ஊற்றினால் நிறம் தப்பாகக் காட்டும். நிறம் மாற ஒன்றிரண்டு மணி நேரம் ஆகும் என்பதையும் மனதில் வையுங்கள். பச்சையாக இருக்கிறதே என்று நீங்கள் பார்க்கும்போது தண்ணீர் ஏற்கெனவே மஞ்சளுக்குப் போயிருக்கலாம். இங்கே கருவியைவிட மீனை நம்புங்கள்.

நொடிக்கு இத்தனை குமிழி என்று ஒருவர் சொல்வதை உங்கள் தொட்டிக்கு அப்படியே வைக்காதீர்கள். குமிழியின் அளவு, தொட்டியின் கொள்ளளவு, வாயுவைத் தண்ணீரில் கரைக்கும் டிஃப்யூசர் எல்லாமே வேறு. விளக்கு எரிவதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்பு வாயுவைத் திறந்து, அணைவதற்கு ஒரு மணி நேரம் முன்பு மூடும்படி வையுங்கள். அளவைக் கூட்டுவதென்றால் நீங்கள் நாள் முழுக்க வீட்டில் இருக்கும் விடுமுறை நாளில், கொஞ்சம் கொஞ்சமாக.

நம் ஊருக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. முள் சுற்றும் சாதாரண டைமர் மின்வெட்டில் நின்றுவிடும், கரண்ட் வந்ததும் விட்ட இடத்திலிருந்து ஓடும். விளக்கு இன்வெர்ட்டர் லைனிலும், சிலிண்டரின் சோலினாய்டு (வாயுவைத் திறந்து மூடும் மின் வால்வு) சாதாரண லைனிலும் இருந்தால் இரண்டு டைமர்களும் மெல்ல மெல்ல விலகிப்போகும். சில வாரத்தில் விளக்கு அணைந்த பிறகும் வாயு போய்க்கொண்டிருக்கும், நீங்கள் தூங்கிக்கொண்டிருப்பீர்கள். இரண்டையும் ஒரே டைமரில் மாட்ட முடியாவிட்டால் பேட்டரி உள்ள டிஜிட்டல் டைமர் வாங்குங்கள். ஈஸ்ட், சர்க்கரை போட்டு பாட்டிலில் வாயு தயாரிப்பவர்களுக்கு இரவில் அணைக்க வழியே கிடையாது. வெயிலில் அது இன்னும் வேகமாகப் பொங்கும். அவர்கள் இரவில் கட்டாயம் ஏர் பம்ப் ஓட்ட வேண்டும்.

4. தண்ணீர் மாற்றிய பிறகா?

தண்ணீர் மாற்றிய சில நிமிடங்களுக்குள் மீன்கள் பாய்ந்து, உரசி, செவுளை வேகமாக அடித்தால் முதல் சந்தேகம் குளோரின். மெட்ரோ தண்ணீரிலும் லாரித் தண்ணீரிலும் அது இருக்கும், அளவுதான் நாளுக்கு நாள் மாறும். அடுக்ககத்தில் இருப்பவர்கள் இதையும் கேட்டு வையுங்கள்: சம்ப் கழுவி பிளீச்சிங் பவுடர் போடுவது எந்த நாளில்? அந்த வாரம் தண்ணீர் மாற்ற வேண்டாம். சோடியம் தயோசல்ஃபேட் உள்ள ஆன்ட்டி குளோரினைப் பக்கெட்டில் கலந்து, அப்புறம்தான் தொட்டிக்குள் ஊற்ற வேண்டும். பாதிப்பு தெரிந்த பிறகு என்றால் முழுத் தொட்டிக்கும் கணக்கிட்டு உடனே போடுங்கள்.

போர் தண்ணீரில் குளோரின் இல்லை என்று நேராகக் குழாயைத் தொட்டிக்குள் விடுபவர்கள் உண்டு. நிலத்தடி நீரில் ஆக்சிஜன் குறைந்தும் கார்பன் டை ஆக்சைடு மிகுந்தும் இருக்கலாம். முந்தின நாளே டிரம்மில் பிடித்து, ஏர் ஸ்டோன் போட்டு வைத்தால் சரியாகிவிடும். ஆர்ஓ தண்ணீரைத் திடீரென்று அதிகமாகச் சேர்ப்பதும் ஆபத்து, தாது உப்பின் அளவு ஒரேயடியாக விழும். மொட்டைமாடி டேங்கிலிருந்து மதியம் வரும் வெந்நீரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். தண்ணீர் மாற்றுவதைக் காலையில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தடவைக்குக் கால் பங்கு போதும்.

உடனே ஒன்றும் ஆகாமல் இரண்டு மூன்று நாள் கழித்து மீன்கள் சோர்ந்தால், ஃபில்டர் பஞ்சைக் குழாய்த் தண்ணீரில் கழுவினீர்களா என்று யோசியுங்கள். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவைச் சிதைக்கும் நல்ல பாக்டீரியா குளோரினில் செத்து, அம்மோனியா ஏறியிருக்கும். பஞ்சை எப்போதும் தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரிலேயே அலசுங்கள்.

5. வீட்டில் என்ன மாறியது?

இதைக் கடையில் யாரும் கேட்க மாட்டார்கள். நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள்.

கொசுவிரட்டித் திரவம், கொசுவத்தி, எறும்பு ஸ்பிரே, கரப்பான் மருந்து இவற்றில் பெரும்பாலும் இருப்பது பைரெத்ராய்டு வகை நஞ்சு. மனிதருக்குக் குறைவான பாதிப்பு, மீனுக்கும் இறாலுக்கும் மிகக் கொடியது. ஏர் பம்ப் அறையின் காற்றைத்தான் உறிஞ்சித் தண்ணீருக்குள் தள்ளுகிறது. தொட்டி இருக்கும் அறையில் கொசுவிரட்டி வேண்டாம், வலை போடுங்கள். பூச்சி மருந்து அடிக்க ஆள் வருவதாக இருந்தால் பம்பைப் பால்கனியில் வைத்து நீளக் குழாயில் காற்றைக் கொண்டுவாருங்கள். தொட்டியை ஈரத் துணியால் மூடுங்கள். பெயின்ட் அடிக்கும் நாளிலும் இதேதான்.

புதுச் செடி வாங்கிப் போட்ட மறுநாள் இறால்கள் துடித்தால் நர்சரியில் அடித்த மருந்து ஒட்டிவந்திருக்கும். இனி வாங்கும் செடிகளைத் தனிப் பக்கெட்டில் வைத்து, தினமும் தண்ணீர் மாற்றி, ஒரு வாரம் கழித்துப் போடுங்கள். அக்வா சாயில் எனப்படும் சத்து மண் முதல் சில வாரங்களுக்கு அம்மோனியாவை வெளிவிடும். அதற்குள் மீன் விட்டால் அவஸ்தைதான். பெரிய செடியை வேரோடு பிடுங்கினாலும் மண்ணுக்குள் அடைபட்ட கசடு கிளம்பும். பிடுங்கிய கையோடு கொஞ்சம் தண்ணீர் மாற்றிவிடுங்கள்.

தீபாவளி வெடிச்சத்தத்தில் மீன்கள் மிரண்டு துள்ளி வெளியே விழும். மூடி போடுங்கள், அறையில் மங்கலான விளக்கு ஒன்றை எரிய விடுங்கள்.

6. தண்ணீரை அளந்து பாருங்கள்

அம்மோனியா 0, நைட்ரைட் 0, நைட்ரேட் 40 பிபிஎம்முக்குள். பழகிய தொட்டிக்கு இதுதான் இலக்கு. புதிதாக ஆரம்பித்த தொட்டி இந்த நிலைக்கு வர நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதற்கு முன் மீன்கள் செய்யும் வினோதங்களில் பெரும்பாலானவற்றுக்கு அம்மோனியாவும் நைட்ரைட்டும்தான் காரணம்.

அம்மோனியாவைப் படிக்கும்போது பிஎச் (தண்ணீரின் அமில, காரத் தன்மை) அளவையும் சேர்த்துப் படியுங்கள். பிஎச் 7இலிருந்து 8க்குப் போனால், அதே அம்மோனியாவில் நஞ்சாக இருக்கும் பங்கு கிட்டத்தட்ட பத்து மடங்காகும். நம் பக்கத்துப் போர் தண்ணீரில் பிஎச் உயர்ந்திருப்பது சகஜம் என்பதால், வெளிநாட்டு வீடியோவில் ‘0.5 பரவாயில்லை’ என்று சொல்வதை இங்கே நம்பி உட்கார முடியாது. அம்மோனியாவோ நைட்ரைட்டோ 0.5ஐத் தொட்டால் தீனியை நிறுத்தி, வெப்பமும் தன்மையும் ஒத்த தண்ணீரால் 30 முதல் 50 சதவீதம் மாற்றுங்கள். மறுநாள் மீண்டும் அளங்கள்.

நைட்ரைட், மீனின் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனையே கெடுத்துவிடும். ஏர் ஸ்டோன் ஓடியும் மீன் மூச்சு வாங்குகிறது என்றால் முதலில் அளக்க வேண்டியது இதைத்தான்.

காகிதப் பட்டைகள் வேண்டாம். பலவற்றில் அம்மோனியா சோதனையே இருக்காது. ஏபிஐ போன்ற திரவ கிட் வாங்குங்கள். அதில் நைட்ரேட்டுக்கான இரண்டாவது பாட்டிலை அரை நிமிடமும், சொட்டு விட்ட பிறகு குழாயை ஒரு நிமிடமும் பலமாகக் குலுக்க வேண்டும். குலுக்காவிட்டால் எண் குறைவாகக் காட்டும். நிறத்தைப் பகல் வெளிச்சத்தில் ஒப்பிடுங்கள்.

7. நோயே இல்லாத வினோதங்கள்

அளவெல்லாம் சரியாக இருந்தால் மீனின் குணமே அதுவாக இருக்கலாம். கொரிடோரஸ் என்ற சிறு கெளுத்தி வகை மீன் விர்ரென்று மேலே போய் ஒரு வாய்க் காற்றை விழுங்கிவிட்டு இறங்கும். அதன் குடலுக்கே ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும் திறன் உண்டு. ஃபைட்டர், கௌராமி இரண்டும் மேலே வந்து மூச்சு விடுபவைதான். கொரிடோரஸ் நிமிடத்துக்கு நிமிடம் மேலே போனால் மட்டும் கவலைப்படுங்கள்.

கிளவுன் லோச் செத்ததுபோல் பக்கவாட்டில் சாய்ந்து தூங்கும். நியான், கார்டினல் டெட்ராக்கள் இரவில் நிறம் வெளுத்து, வெளிச்சம் வந்து சிறிது நேரத்தில் பழையபடி மின்னும். சற்றுக் குளிர்ந்த தண்ணீர் மாற்றியதும் கொரிடோரஸ்கள் துரத்தி ஓடிக் கண்ணாடியில் முட்டை ஒட்டும். கப்பி, மோலி பெண் மீன் செடிக்குள் தனியாக ஒதுங்கினால் குட்டி போடப் போகிறதா என்று வயிற்றைப் பாருங்கள்.

புதிதாக வாங்கிய மீன் ஓரிரு நாள் ஒளிந்திருப்பது இயல்பு. விளக்கு மிகப் பிரகாசமாக இருந்து மேலே நிழலே இல்லாவிட்டால் அது வாரக்கணக்கில் நீடிக்கும். கொஞ்சம் மிதக்கும் செடி போட்டால் தைரியமாக வெளியே வரும். நத்தைகள் கூட்டமாகத் தண்ணீரை விட்டு மேலே ஏறுவதை மட்டும் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள், தண்ணீரை அளங்கள்.

8. துரத்தலும் கடித்தலும்

சாதுவாக இருந்த ஏஞ்சல் மீன் ஜோடி திடீரென்று மற்ற எல்லா மீனையும் ஒரு மூலைக்கு விரட்டினால், அமேசான் ஸ்வார்டு செடியின் அகலமான இலையின் இரு பக்கத்தையும் பாருங்கள். முட்டை இருக்கும். இரண்டு மூன்று நாளில் பொரியும். அதுவரை மற்றவற்றுக்கு ஒதுங்க இடம் வேண்டும், செடியை வெட்டாதீர்கள்.

டைகர் பார்ப் இரண்டு மூன்றை மட்டும் வைத்தால் அடுத்த மீனின் துடுப்பைக் கடிக்கும். ஆறுக்கு மேல் வைத்தால் பெரும்பாலும் தங்களுக்குள்ளேயே சண்டையை முடித்துக்கொள்ளும். நீளத் துடுப்பு மீன்களோடு எப்படியும் வைக்க வேண்டாம். பாசி தின்னும் என்று விற்கப்படும் சைனீஸ் ஆல்கே ஈட்டர் வளர வளர மற்ற மீன்களின் மேல் ஒட்டி உரசும். வாங்கும்போதே பெயரைக் கேட்டு எழுதச் சொன்னது இதற்காகத்தான்.

ஒத்துவராத மீனை ஏரியிலோ குளத்திலோ விடாதீர்கள். டேங்க் கிளீனர் என்று விற்கப்படும் தென்னமெரிக்க மீன் அப்படித்தான் நம் நீர்நிலைகளில் பெருகி, உள்ளூர் மீன்களுக்கு வினையாக நிற்கிறது. கொளத்தூர் போன்ற மீன் சந்தைகளில் விசாரித்தால், பெரிதாகிவிட்ட மீனைத் திரும்ப வாங்கிக்கொள்ளும் கடை கிடைக்கும். பணம் எதிர்பார்க்க வேண்டாம்.

9. மருந்து, கடைசியில், தனித் தொட்டியில்

உடம்பில் உப்புத் தூவியதுபோல் வெள்ளைப் புள்ளிகள், கல்லில் உரசல், துடுப்பில் அரிப்பு என்று கண்ணுக்குத் தெரியும் அடையாளம் இருந்தால்தான் மருந்து. முக்கியத் தொட்டியில் ஊற்ற வேண்டாம். நீல மருந்தான மெத்திலீன் புளூ ஃபில்டர் பாக்டீரியாவையும் செடிகளையும் கெடுக்கும், சிலிக்கான் ஒட்டையும் கறையாக்கும். காப்பர் இறாலையும் நத்தையையும் கொல்லும். லோச் வகை மீன்கள் பல மருந்துகளைத் தாங்காது.

தனித் தொட்டிக்கு இருபது லிட்டர் பக்கெட், ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஏர் பம்ப் போதும். வெள்ளைப் புள்ளிக் கிருமி மீனை விட்டு இறங்கித் தண்ணீரில் நீந்தும் கட்டத்தில்தான் மருந்துக்குச் சாகும். அதனால் புள்ளி மறைந்த பிறகும் ஒரு வாரம் தொடருங்கள். வெப்பத்தைக் கூட்டினால் காற்றையும் கூட்டுங்கள். மருந்தின் அளவுக்குக் கொள்ளளவு தெரிய வேண்டும்: நீளம், அகலம், தண்ணீரின் உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 1000ஆல் வகுத்தால் லிட்டர். 60க்கு 30 தொட்டியில் 30 சென்டிமீட்டர் தண்ணீர் என்றால் 54 லிட்டர். மண்ணுக்குத் தனியாகக் கழியுங்கள்.

10. எவ்வளவு செலவாகும், எதை முதலில் வாங்குவது?

விலை கடைக்குக் கடை மாறும், ஒரு மதிப்புக்குத்தான் சொல்கிறேன். தெர்மாமீட்டரும் ஆன்ட்டி குளோரினும் சேர்த்து 200, 300 ரூபாய்க்குள் முடியும். இவை இரண்டும் மீன் வாங்கும் நாளிலேயே வீட்டில் இருக்க வேண்டும். ஏர் பம்பும் டைமரும் அடுத்தது, 1,000 ரூபாய்க்குள் அடங்கும். மின்வெட்டு அதிகமுள்ள இடத்தில் பேட்டரியில் ஓடும் பம்ப் வாங்குங்கள், அதுவும் வெயில் தொடங்கும் முன்பே. திரவ டெஸ்ட் கிட் சில ஆயிரம் ரூபாய் ஆகும். கனமாகத் தோன்றினால் தொட்டி வைத்திருக்கும் இரண்டு மூன்று நண்பர்கள் சேர்ந்து வாங்கலாம், ஒரு கிட்டில் நூற்றுக்கணக்கான சோதனைகள் செய்யலாம். காலாவதி தேதியைப் பார்த்து வாங்குங்கள். சிலிண்டர் வாங்குவதானால் டிராப் செக்கரின் விலையையும் அந்தக் கணக்கிலேயே சேர்த்துவிடுங்கள், பிறகு பார்க்கலாம் என்று தள்ளிப்போடாதீர்கள்.